புட்டுக்குழல் விளக்கும் என் வயிற்றெரிச்சலும்

திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கியதும் நான் முதலில் பொறாமைப்பட்டது ஒரு ஆட்டோவின் மீட்டரைப் பார்த்து. அது ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிய பெண்மணியிடம் டிரைவர் மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அந்த அம்மாளும் அதை ஒரு அதிசயமாக நினைக்காமல் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் கோயமுத்தூரில் ஆட்டோ மீட்டர் என்பது எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுவதற்கென்றே ஏற்பட்ட இடம். பார்க்கப் பொறுக்காமல் பஸ்ஸில் ஏறினேன்.

அதற்கு உடனே பலன் கிடைத்தது. கரமனைக்குச் சீட்டுக் கேட்டேன். கண்டக்டர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "இது ஃபாஸ்ட் பாசஞ்சர். கரமனையில் நிற்காது. ஏறுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்." மணிக் கயிற்றை அவர் தொடவே இல்லை. கரமனை என் கண் முன்னால் வந்து, என் கண் முன்னாலேயே போனது. பாப்பனங்கோட்டில் இறக்கிவிட்டார்கள். நல்ல மழை. குடை வீட்டில் இருந்தது. சட்டையைக் கழற்றி, கையில் இருந்த அட்டைப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, பனியனோடு திரும்பி நடந்தேன். பெட்டிக்குள் என் விளக்கு இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டில் எனக்கு ஒரு லேத் பட்டறை. பம்புக்கு வேண்டிய உருப்படிகளைக் கடைந்து கொடுப்பது பிழைப்பு; குகைக்குள் நுழைந்து படம் எடுப்பது பைத்தியம். பன்னிரண்டு வருஷமாக என் பட்டறைச் சுவரில் மேகாலயக் குகை ஒன்றின் படம் ஒட்டியிருக்கிறது. ஏதோ பத்திரிகையில் கிழித்தது. அதற்குள் ஒருநாள் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. திருவனந்தபுரத்தில் மண்ணியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மாத்யூ சார் பிப்ரவரியில் அங்கே ஒரு சின்னக் குழுவைக் கூட்டிப் போவதாக இருந்தார். குழுவில் ஒரே ஒரு இடம் காலி.

அந்த இடத்துக்கு அவர் வைத்த நிபந்தனை தலைவிளக்கு. மூன்று வாட் எல்.இ.டி. நம் ஊருக்கு வரத் தொடங்கியிருந்த நேரம் அது. கார்பைடு விளக்கின் புகையும் நாற்றமும் இல்லாமல், படம் எடுக்கத் தோதாக, தலையில் மாட்டிக்கொள்கிற விளக்கு வேண்டும். யாருடைய விளக்கு அவர் காட்டுகிற சுரங்கத்தில் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கிறதோ, அதைச் செய்தவர் கூட வரலாம். உள்ளே பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டுமே! கடைசியில் போட்டியில் நின்றவை இரண்டு விளக்குகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று ரமணி வீட்டு விளக்கு.

ரமணி என்னோடு கோவையில் பாலிடெக்னிக் படித்தவன். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மூன்று வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்தவன். இப்போது சொந்த ஊரில் சர்க்கார் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறான். விடுமுறை நாளில் மாத்யூ சாரோடு மலையேறுவான். அவன் எனக்குப் போட்டி என்று கேட்டதும் சிரித்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கரமனை அக்கிரகாரத்தில் அவன் வீட்டு வாசலில் நான் சொட்டச் சொட்ட நின்றபோது அவன் மனைவி விசாலம்தான் கதவைத் திறந்தாள். "ஐயோ, நன்னா நனைஞ்சுட்டேளே அண்ணா! உள்ள வாங்கோ" என்று துண்டு கொடுத்தாள். அவள் விரல் நுனியில் இரண்டு மூன்று சின்னச் சூட்டுத் தழும்புகள். தோசைக்கல் சுட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு மொளகூட்டலும் புளியிஞ்சியும். பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்ட அந்தக் கூட்டைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டபோது, இதைத் தினமும் சாப்பிடுகிறானே பாவி என்று தோன்றியது. வெந்நீர்கூட இங்கே ஏதோ மரப்பட்டை போட்டு இளஞ்சிவப்பாக இருக்கிறது. எங்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு விளக்குகள் வெளியே வந்தன. என்னுடையதை முதலில் வைத்தேன். கெட்டி அலுமினியக் கட்டியில் கடைந்தது. சூடு இறங்குவதற்காக உடம்பைச் சுற்றி இருபத்திரண்டு தகடுகள், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக. நானே சொல்லக் கூடாது, நகைக்கடையில் வைக்கலாம். வெளிச்சம் இருநூறு அடி தாண்டி ஊசியாகப் போய்க் குத்தும்.

"எத்தனை அழகு!" என்றாள் விசாலம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகடுகளுக்கு நடுவே சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தாள்; போகவில்லை. "விரல் கேறாத எடத்துல காத்து எப்படிக் கேறும் அண்ணா?"

"அதெல்லாம் போகுமுங்க" என்றேன். அடுப்படியில் இருக்கிறவளுக்கு வேறு என்ன சொல்வது?

ரமணி தன் பையிலிருந்து எடுத்து வைத்தது ஒரு புட்டுக்குழல். சத்தியமாக. அலுமினியப் புட்டுக்குழலை நான்கு விரல் உயரத்துக்கு அறுத்து, உள்ளே ஒரு தடித்த வட்டத் தகட்டை இறுக்கி, அதன்மேல் இரண்டு எல்.இ.டி. ஒன்றுக்கு முன்னால் லென்ஸ். மற்றதற்கு முன்னால் பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து வெட்டிய மங்கலான வட்டம். பின்மண்டையில் பழைய லேப்டாப் பேட்டரியின் செல்கள். எல்லாம் ஒரு எலாஸ்டிக் பட்டையில். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவன் சுவிட்சைப் போட்டான். தூரத்துக்கு ஒரு கற்றை, அதைச் சுற்றிப் பால் போல ஒரு வெளிச்சம். கூடத்தின் நாலு மூலையும் தெரிந்தது. படம் எடுக்கிறவன் கேட்கிற வெளிச்சம் அதுதான். என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"எப்படிடா?" என்றேன்.

"ஆத்துலயே செஞ்சதுடா. இத்தனை நாளா இதே பாடுதான்" என்று பூரித்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஊர் சுற்றப் போனோம். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தால் தடை நீங்குமாம். ரமணி செருப்பை விட இடம் தேடிய நேரத்தில் நான் ஒரு தேங்காய் வாங்கி, 'என் விளக்கே ஜெயிக்கணும் சாமி' என்று ஓங்கி உடைத்துவிட்டேன். அவன் வந்து இரண்டு வாங்கினான். "ஒண்ணு எங்காத்து லாம்ப்புக்கு, ஒண்ணு உன்னோடதுக்கு" என்றான். என் பெயரைச் சொல்லி அவன் உடைத்தது நன்றாகத் தூள் தூளாகச் சிதறியது. நான் உடைத்தது இரண்டே துண்டு.

சாலை பஜாரில் அந்தப் புட்டுக்குழல் வாங்கிய பாத்திரக் கடையையும் காட்டினான். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. குழலைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "இவுக வீட்டு மாமியா? எம்மாடி! மூணு மட்டம் வந்து மாத்தியாச்சு கேட்டேளா. கனம் பாக்கா, தட்டிப் பாக்கா, வெயில்ல வச்சுத் தொட்டுப் பாக்கா. புட்டு அவிக்கவா இதுன்னு கேட்டா சிரிக்கா."

வீட்டுக்காரன் ஏவின வேலையை இவ்வளவு சிரத்தையாகச் செய்கிற மனைவி! அதற்கும் பொறாமைப்பட்டேன். என் மனைவி சரசு என் விளக்கைத் தொட்டதே இல்லை. தொட நான் விட்டதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சுரங்கத்துக்குப் போவதாக இருந்தது. காலையில் எழுந்தால் ஹர்த்தால். எதற்காக என்று தெருவில் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று காரணம் சொன்னார்கள். கடை, பஸ், ஆட்டோ எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் கடையடைப்பு என்றால் ஒரு கதவாவது பாதி திறந்திருக்கும், குனிந்து போய் டீ குடிக்கலாம். இங்கே முழு மனதோடு சும்மா இருக்கிறார்கள். தெரு நடுவில் கிரிக்கெட் நடந்தது. ஒரு வழக்கறிஞர் லுங்கியோடு பந்து வீசினார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேர மின்வெட்டு. இது தினப்படி வழக்கமாம். ஃபேன் நின்றது. வேர்த்துக் கொட்டியது. அடுக்களைப் பக்கமிருந்து வெளிச்சம் வரவே எட்டிப் பார்த்தேன். விசாலம் அந்தப் புட்டுக்குழல் விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு எரிசேரிக் கூட்டுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகையும் தெரிந்தது, அடுப்பும் தெரிந்தது. போட்டிக்குப் போகிற விளக்கை வாழைக்காய்க்குப் போட்டுவிட்டானே என்று உள்ளூரக் குதூகலித்தேன்.

"உங்க லாம்ப்பை எங்க வெச்சு எரிய விட்டுப் பாத்தேள் அண்ணா?" என்றாள் திரும்பாமல்.

"பட்டறையிலதானுங்க. ரெண்டு மணி நேரம். அசையவே இல்ல."

"அங்க ஃபேன் உண்டோ?"

"பட்டறைன்னா ஃபேன் ஓடாம இருக்குமுங்களா? தலைக்கு மேலயே பெரிசா ஒண்ணு."

"ம்" என்றாள். கத்தி இரண்டு வெட்டு வெட்டியது. "இப்போ கரண்டு இல்லையே. ஒரு அரை மணி இங்க எரிய விட்டுப் பாக்கலாமே? சும்மா ஒரு டெஸ்டுக்காக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் விளக்கை உளவு பார்க்கச் சொல்லி ரமணிதான் ஏவியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். "நாளைக்குத்தான் பாக்கப் போறோமேங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் இருட்டில் உட்கார்ந்தேன். என் விளக்கு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மூன்றாம் நாள் மாத்யூ சார் ஜீப் கொண்டுவந்தார். உயரமான மனிதர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். நானும் ரமணியும் பின்னால். புளியஞ்சாத டப்பாவோடு விசாலமும் ஏறிக்கொண்டாள். பிக்னிக் என்று நினைத்துவிட்டாளோ என்று எண்ணினேன். ரப்பர் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து போய், ஒரு சரிவின் அடியில் நின்றோம். வெள்ளைக்காரன் காலத்தில் பென்சில் கரி தோண்டிய சுரங்கம். வாய் மட்டும் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு. விசாலம் ஜீப்பிலேயே இருந்துகொண்டாள்.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். சுவர் முழுக்கக் கரி. கொடுக்கிற வெளிச்சத்தையெல்லாம் அது குடித்துவிடுகிறது. அதனால்தான் சார் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். காற்றே அசையாத புழுக்கம். முக்காலியில் கேமராவை வைத்துவிட்டு, "முதலில் நீங்கள்" என்று என்னைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்.

என் விளக்கு ஊசியாகப் பாய்ந்தது. சுரங்கத்தின் கடைக்கோடிச் சுவரில் ஒரு வட்டம் பளிச்சென்று எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. சார் கேமராவைப் பத்து விநாடி திறந்து வைத்து ஒரு படம் எடுத்தார், பார்த்தார். காத்திருந்தோம். பதினைந்தாவது நிமிஷம் நெற்றியில் சூடு தெரிந்தது. கண்ணாடிச் சில்லு வியர்வையோடு ஒட்டின மாதிரி எரிச்சல். இருபதாவது நிமிஷம் வெளிச்சம் மஞ்சளாகச் சோர்ந்து, பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. சூடு மிஞ்சினால் தானாகத் தணிந்துகொள்ளும்படி நானே வைத்த ஏற்பாடுதான். பட்டறையில் அது ஒரு தரம்கூட வேலை செய்ததில்லை.

அடுக்களையில் விசாலம் சொன்ன அந்த 'ம்' அப்போதுதான் என் காதில் முழுதாக விழுந்தது. நான் சோதித்தது விளக்கை அல்ல, என் பட்டறை ஃபேனை.

அடுத்து ரமணி. பால் வெளிச்சத்தில் சுரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கூரையில் வௌவால்கள், தண்ணீரில் எங்கள் கால்கள், கரிச் சுவரில் வெள்ளிப் பொடி தூவின மாதிரி மினுமினுப்பு. சார் எடுத்த படத்தைப் பார்த்தபோது என் அடிவயிறு எரிந்தது. இருபது நிமிஷம், முப்பது, நாற்பது. குறையவே இல்லை. மேகாலயா என் கையை விட்டு நிமிஷம் நிமிஷமாகப் போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்தைந்தாவது நிமிஷம் ரமணி திரும்பியபோது தாழ்ந்திருந்த பாறையில் 'டங்'கென்று இடித்துக்கொண்டான். மெல்லிய குழல்தானே, நசுங்கிவிட்டது. விளக்கு அணைந்தது.

பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளையார் என் தேங்காயைத்தான் எடுத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

இருட்டில் சாரின் குரல் கேட்டது: "பரவாயில்லை. செய்தவர் சரி செய்யட்டும். அதுவும் சோதனையில் சேர்ந்ததுதான்."

"செஞ்சவ வெளில இருக்காளே சார்" என்றான் ரமணி. "விளிக்கட்டுமா?"

ரமணி என் மங்கல் விளக்கை வாங்கிக்கொண்டு தடவித் தடவி வெளியே போனான். திரும்பி வந்தபோது பின்னால் விசாலம், புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் புளியஞ்சாத ஸ்பூனோடு. பாறையில் உட்கார்ந்து நசுங்கின விளக்கை மடியில் வைத்தாள். "அண்ணா, உங்க லாம்ப்பை இப்படிக் கொஞ்சம் காட்டுங்கோ" என்றாள்.

ரமணியிடமிருந்து வாங்கிக் காட்டினேன். இருபத்திரண்டு தகடு வைத்து நான் கடைந்த விளக்கு, அவள் கைக்கு வெளிச்சம் பிடித்தது. ஸ்பூன் காம்பை உள்ளே விட்டு நசுங்கலை நெம்பினாள். வளையலில் கோத்திருந்த சேஃப்டி பின்னை எடுத்து, விட்டுப்போன கம்பியைத் தொட்டுத் தொட்டு இடம் பார்த்து இறுக்கினாள். விரல் நுனித் தழும்புகள் நன்றாகத் தெரிந்தன. அவை தோசைக்கல் சுட்டவை அல்ல, சால்டரிங் கம்பி சுட்டவை. மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. விளக்கு எரிந்தது.

"இது நீங்க செஞ்சதுங்களா?" என்றேன்.

"ஆமா. பொம்மனாட்டிகள் எலக்ட்ரானிக்ஸ் யூனிட்ல எட்டு வருஷம் டிவி போர்டு சால்டர் பண்ணியாச்சே. அது பூட்டினப்பறம் இந்தத் தெரு எமர்ஜென்சி லாம்ப் எல்லாம் நம்மாத்துக்குத்தான் வரும்." பிறகு, குற்றம் சொல்லாமல் சொன்னாள்: "நீங்க கேக்கவே இல்லையே அண்ணா."

ரமணி பாவம், "நான் செஞ்சேன்னு ஒரு தடவையாவது சொன்னேனாடா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அரம் பிடிக்கத் தெரியாதவனே செய்தான் என்று நம்பி மூன்று நாள் வெந்தேனே தவிர, பக்கத்தில் நின்று கேள்விமேல் கேள்வி கேட்டவள் செய்திருப்பாள் என்று தோன்றவில்லை. பொறாமைகூட உரிய ஆளைப் பார்த்துப் படத் தெரியாதவன் நான்.

மாத்யூ சார் ஒரு மணி நேரம் முடியும்வரை காத்திருந்தார். முடிந்ததும் விசாலத்திடம் கேட்டார்: "பிப்ரவரியில் மூன்று வாரம். வர முடியுமா?"

அவள் ரமணியைப் பார்த்தாள். "குழந்தைகளை நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான் அவன், அரை நொடிகூட எடுக்காமல். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. விளக்கைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தாள். நாங்கள் மூவரும் அந்த வெளிச்சத்தில் பின்னால் போனோம்.

ஜீப்பில் புளியஞ்சாதம் சாப்பிட்டோம். அதே ஸ்பூன், கழுவினது.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். வண்டி புறப்படக் கால் மணி இருக்கும்போது விசாலம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, தப்பா எடுத்துக்கப்படாது. குழல் நசுங்கறது. மேகாலயாவுல இடிச்சா என்ன செய்யறது? உங்க கைவேலை மாதிரி கெட்டியா ஒரு கூடு இருந்தா, உள்ளே உள்ளதை நான் மாத்தி வெச்சுப்பேன்."

என்ன தைரியம்! என் இடத்தையும் எடுத்துக்கொண்டு, என் கையையும் கேட்கிறாள். முடியாது என்று சொல்ல நல்ல நாகரிகமான வார்த்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்களோடது என்ன கனம்?" என்றாள்.

"நூத்தி எம்பது கிராமுங்க."

"நூத்தி இருபதுல முடியுமோ?"

"தொண்ணூறுல முடிப்பேனுங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது, ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று. லேத்காரனிடம் முடியுமா என்று கேட்கக் கூடாது. வண்டி கிளம்பும் வரை ஜன்னலுக்கு வெளியே நின்று, தகடு எட்டே போதும், நடுவில் விரல் போகணும் என்று காற்றில் வரைந்து காட்டினாள்.

ஊருக்கு வந்து ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கடைந்தேன். பட்டறையில் இருந்தவர்கள் என்னைச் சபித்தார்கள். நாலு கூடு கெட்டது, ஐந்தாவது நின்றது. எண்பத்தெட்டு கிராம். பார்சல் அனுப்பின அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் மாதம் மாத்யூ சாரிடமிருந்து ஒரு படம் வந்தது. கோயில் கோபுரம் உள்ளே நிற்கிற அளவு குகை. ஈரக் கல் எல்லாம் பொன்னாக எரிகிறது. முன்னால் பக்கவாட்டில் விசாலம், சல்வார் கமீசும் ரப்பர் பூட்ஸும் தலைவிளக்குமாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. படத்தின் பின்னால் அவள் பெயரும் குகையின் பெயரும் இருந்தன. என் பெயர் இல்லை. பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. சுவரிலிருந்த பழைய படத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் இதை ஒட்டினேன்.

சரசு அன்று பட்டறைக்கு மதியச் சோறு கொண்டுவந்தவள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தப் பெண்ணின் நெற்றிக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "ஏனுங்க, இங்க ஓரத்துல துளியூண்டு வளையமாட்டப் பளபளங்குதே, அது என்னதுங்க?"

"அது நானு" என்றேன்.